'தயார்' என்று எழுதிய மாணவர்கள் முகாமுக்கு ஏன் வரவில்லை?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) ஆய்வுக்காக உங்கள் கல்லூரி மாணவர்களிடம் "எச்.ஐ.வி. தன்னார்வ ஆலோசனை மற்றும் பரிசோதனை" பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தீர்கள். பெரும்பாலோர் 'ஒப்புக்கொள்கிறேன்', 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டங்களில்தான் டிக் அடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கம் கல்லூரிக்குள்ளேயே பரிசோதனை முகாம் வைத்தது. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "பொய் சொன்னார்களா, இல்லை விழிப்புணர்வு போதவில்லையா, அறிக்கையில் எதை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் சொன்னதாகவும் தெரியவில்லை, விழிப்புணர்வுக் குறையாகவும் தெரியவில்லை. பரிசோதனை நல்லதா என்று தாளில் கேட்டீர்கள், நல்லது என்றார்கள். முகாம் அன்று அவர்கள் எதிரே நின்ற கேள்வி வேறு: இந்த வரிசையில் நான் நிற்பதை யார் யார் பார்ப்பார்கள்?

சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி எச்.ஐ.வி. வருவதற்கு முன்பே அறியப்பட்ட சங்கதி. 1930-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் நீண்ட பயணம் போனார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கியதில் ஒரே ஒரு இடத்தில்தான் முடியாது என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கேட்டபோது, பதில் எழுதியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934-ல் வெளியான ஆய்வு இது. உங்களுடையது இதற்குத் தலைகீழ், அவ்வளவுதான். இன்னும் நெருக்கமான உதாரணம் 1950-களுடையது. காசநோய் கண்டுபிடிக்க அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பியது. கட்டணம் இல்லை, தூரம் இல்லை, ஆனாலும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்ததில் பிறந்ததுதான் நீங்கள் பாடத்தில் படிக்கும் 'உடல்நல நம்பிக்கை மாதிரி'. எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், போனால் என்ன பலன், போவதற்கு என்ன இடைஞ்சல் என்று நான்கு கேள்விகள் அதில் உண்டு. நீங்கள் இணைத்திருக்கும் கேள்வித்தாளில் மூன்றாவது மட்டும் நிறைய இருக்கிறது. முதலாவது அரைகுறை. நான்காவதுக்கு ஒரே வரிதான்: "பரிசோதனைக்குச் செல்வதில் தடைகள் உள்ளன – ஆம்/இல்லை". எந்தத் தடை என்று கேட்காமல் தடை உண்டா என்று கேட்டால் வரும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கும் முன்னால் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. "தன்னார்வ" என்ற சொல்லைக் கேட்டதும் கல்லூரி மாணவருக்கு என்ன தோன்றும்? ரத்த தானம், வெள்ள நிவாரணம், என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவது. தன்னார்வலர் என்றால் அடுத்தவருக்கு உதவப் போகிறவர். "தன்னார்வப் பரிசோதனையை ஆதரிக்கிறீர்களா" என்ற வரியை, சமூக சேவையை ஆதரிக்கிறீர்களா என்று படித்து டிக் அடித்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். "கவுன்சிலிங்" இன்னும் மோசம். பாதிப் பேருக்கு அது பொறியியல் சீட்டு எடுக்கும் இடம். மீதிப் பேருக்கு, கெட்டுப்போன பையனை உட்கார வைத்துச் செய்யும் அட்வைஸ். "கவுன்சிலர்" என்றாலோ வார்டு உறுப்பினர். அதற்கு "ஆற்றுப்படுத்துநர்" நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் வகுப்பில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. ஆகவே சொல்லை உடைத்து எழுதுங்கள்: "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நானே ஒரு மையத்துக்குப் போய், அங்கிருக்கும் ஆலோசகரிடம் தனியாகப் பேசி, ரத்தம் கொடுப்பது." நீளம்தான், ஆனால் வேறு பொருளுக்கு இடமில்லை. எழுதிய ஒவ்வொரு வரியையும் பத்து மாணவர்களிடம் காட்டி, "இது என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். மூன்று பேர் தவறாகச் சொன்னாலே வரியை மாற்றிவிடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மதியம் போதும். இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் உட்கார்ந்து கை-ஸ்கொயர் என்று புள்ளியியல் கணக்குப் போடுவதால் பயன் இல்லை.

இந்தத் தலைப்பில் வந்த மாணவர் ஆய்வுகளில் நிறைய எத்தியோப்பியா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களில் நடந்தவை. உங்கள் வரிகளிலும் அந்தச் சாயல் தெரிகிறது. தன்னார்வ ஆலோசனை, பரிசோதனை என்பதன் ஆங்கிலச் சுருக்கமான "வி.சி.டி." என்ற பெயரே அதற்குச் சாட்சி. இந்தியாவில் 1997-ல் இந்தச் சேவை தொடங்கியபோது அதுதான் பெயர். பிறகு கர்ப்பிணிகளுக்கான மையங்களையும் சேர்த்து, 2006-ல் ஐ.சி.டி.சி. (ஒருங்கிணைந்த ஆலோசனை, பரிசோதனை மையம்) என்று ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மையம்'. பெயர் மட்டும் மாறவில்லை, வருகிறவர்களும் மாறினார்கள். கர்ப்பிணிகள், காசநோயாளிகள் எல்லாரும் மருத்துவர் சொல்லி அங்கே வருகிறார்கள். யாரும் சொல்லாமல் தானே கதவைத் தட்டுகிற மாணவர் அந்தக் கூட்டத்தில் தனித்துத் தெரிவார்.

'தானாக முன்வந்து' என்ற நிபந்தனை ஏன் வந்தது என்பதை உங்கள் அறிக்கையின் முன்னுரையில் இரண்டு வரியாவது எழுதுங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. பின்னர் தொற்று இருந்த பெண்கள் சிலரைக் காவல் இல்லத்தில் அடைத்தே வைத்திருந்தார்கள். 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கி, ஆலோசனையோடு சேர்ந்த பரிசோதனையை இங்கே நிலைநிறுத்தினார். ஆக, ஒப்புதல், ரகசியம் என்பதெல்லாம் அலங்காரத்துக்குச் சேர்த்த சொற்கள் அல்ல. பரிசோதனை என்றால் பிடித்து அடைப்பார்கள் என்ற பயத்துக்கு இந்த ஊரிலேயே காரணம் இருந்தது.

இன்னொரு மிச்சமும் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் முழுக்க விளம்பரம் வைத்தார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுபோனதில் அது பெரிய வெற்றி. ஆனால் கூடவே ஒரு படமும் மனதில் பதிந்துவிட்டது: இது ஊர் மேயும் ஆளுக்கு வரும் நோய். இன்றைய மாணவர்களுக்கு அந்த விளம்பரம் தெரியாது, அவர்களின் அப்பா அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். டெஸ்ட்டுக்குப் போவது என்றால், 'நான் அந்த மாதிரி ஆள்' என்று ஒப்புக்கொள்வது என்ற கணக்கு அங்கிருந்துதான் வீட்டுக்குள் வந்தது. அதனால் பலருக்கு ரிசல்ட் பாசிட்டிவாக வருமோ என்பதைவிட, நெகட்டிவ் ரிசல்ட்டோடு வெளியே வந்தாலும் "அவன் ஏன் போனான்?" என்ற கேள்வி ஒட்டிக்கொள்ளுமே என்பதுதான் பயம். உங்கள் கேள்வித்தாளில் ரிசல்ட் பற்றிய பயத்துக்கு ஐந்து வரி இருக்கிறது, இதற்கு ஒன்றுகூட இல்லை.

மாணவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று பார்க்க, மையத்துக்குள் நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் ஓ.பி. (புறநோயாளி) கூட்டம் காலையில். மையமும் வேலைநாட்களில் பகல் நேரத்தில் இயங்குவது. அதே நேரம் கல்லூரியில் அட்டெண்டன்ஸ். முதல் தடுக்கல் இது. மையத்தைக் கண்டுபிடிக்க யாரிடமாவது வழி கேட்க வேண்டும், "எச்.ஐ.வி. டெஸ்ட் எங்கே எடுப்பாங்க?" என்று உரக்கக் கேட்பது இரண்டாவது. மையத்தின் வாசலில் பெரும்பாலும் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. தாலி இல்லாத இருபது வயதுப் பெண் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற அக்கா கேட்கிற முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். பதிவில் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண், திருமணம் ஆனதா இல்லையா. 'திருமணம்' என்ற கட்டத்தை ஊழியர் எந்தக் குரலில் கேட்கிறார் என்பதிலேயே பாதிப் பேர் திரும்பிப் போகலாமா என்று யோசிப்பார்கள். இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒப்பீட்டளவில் எளிது. ஆலோசகர் தனியறையில் பேசுவார், எதற்காக வந்தீர்கள், கடைசியாக எப்போது ஆபத்துக்கு வாய்ப்பிருந்தது என்று கேட்பார், பரிசோதனை என்ன சொல்லும் என்ன சொல்லாது என்று விளக்கி ஒப்புதல் வாங்குவார். நல்ல ஆலோசகர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "பாசிட்டிவ்னு வந்தா முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?" அப்படிச் சொல்ல ஆளே இல்லாதவரை அன்றே ரத்தம் எடுக்க அவசரப்படுத்தக் கூடாது. பிறகு சில மில்லிலிட்டர் ரத்தம், பெரும்பாலும் அதே நாளில் ரிசல்ட், மறுபடி தனியறையில் பேச்சு. கட்டணம் கிடையாது.

பரிசோதனையின் நம்பகத்தன்மை பற்றிய உங்கள் வரிகளிலும் ஒரு பிழை இருக்கிறது. "ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் எச்.ஐ.வி. உறுதி" என்பதைச் சரியான விடையாக வைத்திருக்கிறீர்கள். அது தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 விழுக்காடு. 10,000 பேருக்கு 20 பேர். ஒரு பரிசோதனைக் கிட், தொற்று இல்லாதவர்களில் 99.5 விழுக்காட்டினரைச் சரியாக 'இல்லை' என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள 0.5 விழுக்காடு, அதாவது சுமார் 50 பேருக்கு, தவறாக 'இருக்கிறது' என்று காட்டும். அந்த ஒரு கிட்டை மட்டும் நம்பினால் 'இருக்கிறது' என்று கோடு விழுந்த 70 பேரில் 50 பேர் தொற்றே இல்லாதவர்கள். இதனால்தான் முதல் கிட்டில் கோடு விழுந்தால், வேறு வகையான இன்னும் இரண்டு கிட்களில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே பாசிட்டிவ் என்கிறார்கள். முதல் கிட்டில் எதுவும் இல்லை என்றால் அதோடு நெகட்டிவ். மூன்றும் ஒத்துப்போகாமல் முடிவு சொல்ல முடியாத நிலை வந்தால் 14 முதல் 28 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். கல்லூரி முகாம்களிலும் சிறிய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெரும்பாலும் ஒரே கிட்தான் இருக்கும். அங்கே கோடு விழுந்தவரைப் பெரிய மையத்துக்கு அனுப்புவார்கள். முகாமில் தவறு நடக்கும் இடம் இதுதான்: மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வர, ஒருவர் மட்டும் அரை மணி நேரம் உள்ளே இருந்து, கையில் ஒரு சீட்டோடு வந்தால், வாசலில் நிற்கிற வகுப்பே கணக்குப் போட்டுவிடும். அவருக்குத் தொற்று இல்லை என்று மறுநாள் உறுதியானாலும் அந்தக் கணக்கை யாராலும் அழிக்க முடியாது. முகாமைத்தான் வைத்தாக வேண்டும் என்றால், வருகிற எல்லாருக்கும் ஒரே அளவு நேரம், எல்லாருக்கும் மூடிய உறை, நுழைவது ஒரு கதவு, வெளியேறுவது வேறு கதவு. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் முகாம் வைக்காமல் இருப்பதே மேல்.

கால இடைவெளி விஷயத்தில் மாணவர்களுக்கு இருக்கும் குழப்பம் நிஜமான ஆபத்து. தொற்று ஏற்பட்டவுடன் எந்தப் பரிசோதனையும் காட்டாது. விரல் நுனியில் ரத்தம் எடுத்து, வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் கிட் 23 முதல் 90 நாளுக்குள், ஆய்வகத்தில் ஆன்டிஜென் (வைரஸின் புரதம்), ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் முறை 18 முதல் 45 நாளுக்குள், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் முறை 10 முதல் 33 நாளுக்குள் காட்டத் தொடங்கும். சனிக்கிழமை பாதுகாப்பில்லாத பாலுறவு நடந்து, அடுத்த வெள்ளிக்கிழமை போய் நெகட்டிவ் வாங்கி நிம்மதியாகிறவர் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறார், அடுத்தவரையும் ஆபத்தில் விடுகிறார். அந்தச் சனிக்கிழமைக்கு உண்மையில் உதவக்கூடியது வேறு: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மருத்துவரிடம் போய்த் தடுப்பு மருந்து கேட்டு, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிடுவது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைக் கேளுங்கள். இந்த 72 மணி நேரக் கணக்கை எத்தனை மாணவர்கள் அறிவார்கள் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால், உங்கள் அறிவுப் பகுதியில் இருக்கும் "கொசு கடித்தால் பரவுமா" வகையறா எல்லாவற்றையும்விட அது பயனுள்ளதாக இருக்கும். இன்னொன்று: ரத்த தானம் செய்தால் சும்மா எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஆகிவிடும் என்று நினைத்து தானத்துக்குப் போகிறவர்கள் உண்டு. கண் முன்னே தானம், மனதுக்குள்ளே டெஸ்ட். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதால் மாணவர்களுக்கு அது வசதி. ஆனால் தொற்று காட்டாத அந்த இடைப்பட்ட நாட்களில் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளியின் உடலில் ஏறும். இதைக் கேள்வித்தாளில் கேளுங்கள், எந்தக் கண்டனத் தொனியும் இல்லாமல்.

இனி, விழிப்புணர்வு உரைகளில் யாரும் சொல்லாத ஒன்று. முகாமுக்கு வராத மாணவர்களில் பெரும்பாலோர் சரியான முடிவைத்தான் எடுத்தார்கள். பாலுறவு இல்லை, ஊசி பகிர்தல் இல்லை, பாதுகாப்பற்ற ரத்தம் ஏற்றவில்லை என்றால் அந்த மாணவருக்குப் பரிசோதனை தேவையே இல்லை. அவரை 'மனப்பான்மை நல்லது, நடத்தை இல்லை' என்ற கட்டத்தில் போடுவது அநியாயம். இந்தியாவில் தொற்று எல்லாரிடமும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. சில குழுக்களில் குவிந்திருக்கிறது. எனவே எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கைக்குப் பொருள் குறைவு. வர வேண்டியவர் வந்தாரா என்பதுதான் விஷயம். வர வேண்டியவரோ வகுப்பு நண்பர்கள் நிற்கும் அரங்கத்துக்கு வருவதற்கு மிகக் குறைந்த வாய்ப்புள்ளவர். முகாமில் கூட்டம் சேர்ந்திருந்தால்கூட அது ஆபத்து இல்லாதவர்களின் கூட்டமாகவே இருந்திருக்கலாம்.

ஆபத்து உள்ளவர்கள் எவ்வளவு பேர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆசிரியர் நிற்கும் வகுப்பறையில் ரோல் நம்பர் போட்ட தாளில் கேட்டால் தெரியாது. தாளில் பெயரும் கையெழுத்தும் துறையும் இருக்கக் கூடாது. சின்னத் துறையில் 'ஆண், 2-ம் ஆண்டு, விடுதி' என்ற மூன்று தகவலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மடித்துப் பெட்டியில் போடட்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஸ்டான்லி வார்னர் 1965-ல் தொடங்கிவைத்த வழியின் எளிய வடிவம் ஒன்று இருக்கிறது. மாணவர் யாருக்கும் காட்டாமல் காசு சுண்டுவார். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவரின் 'ஆம்' காசினால் வந்ததா உண்மையா என்று உங்களுக்கும் தெரியாது. 200 பேரில் 124 'ஆம்' வந்தால், அதில் சுமார் 100 காசினால் வந்தது. மீதி 24, பூ விழுந்த சுமார் 100 பேரில் உண்மையிலேயே 'ஆம்' என்றவர்கள். ஆக சுமார் 24 விழுக்காடு. விலை என்னவென்றால், பிழை வரம்பு இரட்டிப்பாகும். இந்த 24, பதினொன்றாகவும் இருக்கலாம், முப்பத்தேழாகவும் இருக்கலாம். 200 பேரை வைத்து இதற்கு மேல் துல்லியம் கேட்காதீர்கள். விதியைக் கரும்பலகையில் எழுதி, 'நேற்று இரவு தோசை சாப்பிட்டாயா' போன்ற ஒரு கேள்வியால் ஒத்திகை பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள். புரியாமல் செய்தால் எல்லாம் குப்பை.

வருகையை அளக்க, "போவீர்களா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "கடந்த 12 மாதத்தில் போனீர்களா? உங்களுக்கு அருகில் இருக்கும் மையம் எது? எந்தப் பேருந்தில் போவீர்கள்? எந்தக் கிழமை, எந்த வகுப்பை விட்டுவிட்டு? விடுதி வார்டனிடம் என்ன காரணம் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். மையத்தின் பெயரே தெரியாதவர் 'முற்றிலும் தயார்' என்று எழுதினால் அந்தத் தயாரின் எடை என்னவென்று உங்களுக்கே புரியும். அதோடு ஒரு சீட்டு கொடுக்கலாம். விசிட்டிங் கார்டு அளவு, எச்.ஐ.வி. என்ற சொல் எங்கும் கிடையாது, மையத்தின் அறை எண், நேரம், வழி, ஒரு தொடர் எண் மட்டும். எல்லா மாணவருக்கும் கொடுங்கள், வேண்டியவருக்கு மட்டும் கொடுத்தால் அதுவே அடையாளமாகிவிடும். தொடர் எண்ணை யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்து வைக்காதீர்கள். முன்னரே அனுமதி பெற்று, 30 நாள் கழித்து மையத்தில் எத்தனை சீட்டு சேர்ந்தது என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். யார், ரிசல்ட் என்ன என்று கேட்கவே கூடாது, சொன்னாலும் எழுதக் கூடாது. கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலை, கேள்வித்தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கல்லூரி நிர்வாகம் செய்ய வாய்ப்புள்ள மூன்று தவறுகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள்தான் முகாமுக்கும் உதவுகிறீர்கள் என்பதால். ஒன்று, 'நூறு விழுக்காடு பரிசோதனை' என்று இலக்கு வைத்து, துறைவாரியாகப் பட்டியல் கேட்பது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, தகவலறிந்த ஒப்புதல் இல்லாமல் யாரையும் பரிசோதிக்க முடியாது. கல்வி, வேலை, சிகிச்சை எதற்கும் இந்த டெஸ்ட்டை நிபந்தனையாக வைக்கவும் முடியாது. இரண்டு, ரத்த வகை, ஹீமோகுளோபின் பார்க்க எடுத்த ரத்தத்திலேயே இதையும் பார்த்துவிடலாம் என்ற யோசனை. நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள், அதுவும் ஒப்புதல் இல்லாத பரிசோதனைதான். மூன்று, முதலாண்டில் 17 வயதில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை மறப்பது. 18 நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் தேவை. அவர்களை உங்கள் ஆய்விலிருந்தே விலக்கிவிடுவது எளிது. சட்டச் சிக்கல் எழுந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். நான் சொல்வது களத்தில் வேலை செய்கிறவர்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்குத்தான்.

அறிக்கையில் எதை உறுதியாக எழுதலாம்? பல நாடுகளில் மாணவர்களிடம் ஆதரவு அதிகமாகவும் வருகை குறைவாகவும் இருப்பதை உறுதியாக எழுதலாம். ரகசியம் கசியும் என்ற பயம் திரும்பத் திரும்ப வரும் காரணம் என்பதையும் எழுதலாம். சிகிச்சை பற்றிய செய்தியும் உறுதியானது: 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. என்ற, வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தருகிறது, தாம்பரம் அரசு மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல் தொற்று தெரிந்த எல்லாருக்கும் உடனே சிகிச்சை. இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய், அப்படியே நீடித்தால் பாலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. 'தெரிந்து என்ன ஆகப்போகிறது' என்கிற மாணவருக்கு இந்த ஒரு பத்தி, பயமுறுத்தும் பத்து படங்களைவிட அதிகம் சொல்லும்.

எதைத் தயங்கி எழுத வேண்டும்? விழிப்புணர்வு உரை கேட்டவர்கள் அதிகம் வருகிறார்கள் என்று உங்கள் தரவை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்வமுள்ளவர்கள்தான் உரைக்கே போயிருப்பார்கள். பெண்களின் மதிப்பெண் ஆண்களைவிட அதிகம் என்று வந்திருப்பதையும் 'மனப்பான்மை மேம்பட்டது' என்று எழுதாதீர்கள், சரியான விடையைத் தாளில் எழுதும் பழக்கம்கூட அதற்குக் காரணமாக இருக்கலாம். முகாமுக்கு வந்த சிலரை வைத்து விழுக்காடு போடவே வேண்டாம். ஒரு கல்லூரி, ஒரே நாள், ஒரே அரங்கம். நான் எழுதியதும் தமிழ்நாட்டு அரசு மையங்களின் நடைமுறையை வைத்துத்தான். தனியார் ஆய்வகத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ அப்படியே பொருத்த வேண்டாம்.

இரண்டாம் கட்டமாக மறுபடி கேள்வித்தாள் கொடுக்க அவகாசம் இருந்தால், கடைசிப் பக்கத்தைக் கிழித்து எடுத்துப்போகும் வகையில் தனியாக வையுங்கள். அதில் மையத்தின் அறை எண், நேரம், கட்டணமில்லா உதவி எண் 1097. பதில் எழுதியவரோ எழுதாதவரோ, எல்லாரும் அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.